முழங்காலிட்டு இழுக்கும் குதிரை

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சஃபோக் நல்ல களிமண் பூமி. மழைக்காலத்தில் உழப் போனால் பூட்ஸோடு பாதி வயலும் சேர்ந்து வரும். சஃபோக் பஞ்ச் என்ற இழுவைக் குதிரையை வடித்தது அந்த மண்தான்.

ஷயர், கிளைட்ஸ்டேல் என்ற மற்ற இழுவைக் குதிரை இனங்களுக்குக் குளம்பைச் சுற்றி நீண்ட ரோமம் தொங்கும். அழகுதான், ஆனால் களிமண் அதில் அப்பிக்கொள்ளும். கழுவாமல் விட்டால் தோல் புண்ணாகும். சஃபோக் பஞ்சின் கால்களிலோ அந்தக் குஞ்சம் கிடையாது. 'பஞ்ச்' என்றால் குட்டையாக, கட்டுமஸ்தாக இருப்பது. குள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம், தோள் மேட்டின் உயரமே சுமார் ஐந்தரை அடி. பெரிய உடல், குட்டையான கால், தாழ்ந்த தோள். இந்தத் தாழ்ந்த தோளில்தான் சூட்சுமம்.

குதிரை இழுக்கிறது என்கிறோம். சரியாகப் பார்த்தால் அது தள்ளுகிறது. பின்னங்கால்கள் தரையை உந்த, தோள் கழுத்து வளையத்தை முன்னே தள்ளும். பாரம் அசையாவிட்டால், அதோடு பூட்டிய சங்கிலி தோளைப் பின்னுக்கு இழுக்கும். பின் குளம்புகளை ஊன்றுபுள்ளியாக வைத்து முன்னுடம்பு மேலே கிளம்பப் பார்க்கும். அதை அழுத்திப் பிடிப்பது குதிரையின் எடை. தோள் தாழத் தாழ, அந்த நெம்பு விசை குறையும். அதே எடையை வைத்துக்கொண்டு கூடுதலாக இழுக்கலாம்.

18ஆம் நூற்றாண்டில் சஃபோக்கில் இழுவைப் போட்டி நடக்கும். மணல் ஏற்றிய வண்டி, சக்கரங்கள் மண்ணில் கொஞ்சம் புதைந்திருக்கும், முன்னால் மரக்கட்டைகள் வேறு. கடிவாள வாரைத் தளர்த்திக் கழுத்தில் போட்டதும் குதிரைகள் முழங்காலிட்டு, அப்படியே இழுக்குமாம். முட்டி சிராய்க்கக் கூடாதென்று தரையில் மெத்தென்று மணல் பரப்பி வைப்பார்கள். நெம்புகோல் கணக்கை அந்தக் குதிரைகள் உடம்பாலேயே போட்டிருக்கின்றன!

அப்புறம் நிறம். சஃபோக் பஞ்ச் எல்லாமே செம்பழுப்பு. ரோமத்தில் கறுப்பு நிறமியை உருவாக்கும் மரபணு இரண்டு பிரதிகளிலும் வேலை செய்யாததால் வருவது இது. தாயும் தகப்பனும் செம்பழுப்பு என்றால் கறுப்புக் குட்டி பிறக்க வழியே இல்லை. இன்றுள்ள அத்தனை குதிரைகளின் தந்தைவழியும் 1768இல் பிறந்த ஒரே பொலிகுதிரையில் போய் முடிகிறது.

டிராக்டர் வந்ததும் இனம் சரிந்தது. 1966இல் பதிவான குட்டிகள் ஒன்பதே ஒன்பது. மிஞ்சியவை எல்லாம் நெருங்கிய சொந்தம் என்பதால், இன்றும் ஒரு பெட்டைக்குப் பொலிகுதிரை தேடும்போது வம்சாவளியைப் பல தலைமுறை பின்னே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.