வாலை மாட்டுவதற்கு முன்

கோடை விடுமுறையின் முதல் வாரம். நான் நீச்சல் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் இருக்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பளபளக்கும் பச்சைப் பை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி குளத்துக்கு வந்தாள். உள்ளே கடல்கன்னி வால், அதாவது இரண்டு காலையும் சேர்த்து மாட்டிக்கொண்டு நீந்தும் மீன்வால் உடை. பிறந்தநாளுக்கு அத்தை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தாராம். "மிஸ், இன்னைக்கே போட்டுக்கவா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு மிதவைப் பலகையைப் பிடித்துக்கொள்ளாமல் 10 மீட்டர் ஃப்ரீஸ்டைல் வரும், அவ்வளவுதான். அவள் அம்மா, "3 அடித் தண்ணிதானே மேடம், நின்னா இடுப்புக்குக் கொஞ்சம் மேலதான் வருது" என்றார்.

நானும் கூடவே இறங்கினேன். அவள் இடுப்பிலிருந்து கையை எடுக்காமல்தான் விட்டேன். நாலு உதை நன்றாகவே உதைத்தாள். அப்புறம் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினாள், எழுந்து நிற்கப் பார்த்தாள். முடியவில்லை. கால் பின்னாலேயே நிற்க, முகம் மறுபடியும் தண்ணீருக்குள் போனது. சத்தம் இல்லை, கையைக்கூட அடிக்கவில்லை. நான் உடனே தூக்கிவிட்டேன். கரையில் நின்ற அம்மா கையில் போனோடு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை விளையாடுகிறது என்றுதான் அவர் நினைத்தார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்த மூன்றடித் தண்ணீரில் நடந்தது என்ன என்று கொஞ்சம் பார்க்கலாம். குப்புற நீந்துகிற ஒருவர் எழுந்து நிற்க வேண்டுமானால் முதலில் முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்குவார். கைகள் தண்ணீரைக் கீழே அழுத்தும், பாதம் தரையைத் தேடும், ஒரு கால் முன்னே போய் ஊன்றும். இதை நாம் யோசித்துச் செய்வதில்லை. வாலுக்குள் இரண்டு காலும் ஒன்றாகிவிடுகின்றன. நுனியில் இருக்கும் அகலத் தகடு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் கால் உடம்புக்கு அடியில் எளிதில் வராது. ஒரு காலை முன்னே வைக்க வழியே இல்லை. ஆழம் எவ்வளவு என்பது அங்கே இரண்டாவது கேள்விதான். நிற்கத் தெரியாதவருக்கு 3 அடியும் ஆழம்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கிட்சேஃப் என்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பும் ராயல் லைஃப் சேவிங் என்ற நீர்ப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, நீந்தத் தெரிந்த பிள்ளைகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வால் துணி இல்லாமல், இரண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டும் அகலத் தகடான துடுப்பை (fin) மட்டும் மாட்டியபோது பிள்ளைகளின் நீந்தும் திறன் சராசரியாக 60 சதவீதம் குறைந்தது. முழு வால் மாட்டியபோது 70 சதவீதம். பெற்றோரிடம் இந்தக் கணக்கை நான் அடிக்கடி சொல்வேன். 10 மீட்டர் நீந்துகிற பிள்ளை வாலோடு 3 மீட்டர்தான் நீந்தும் என்று வைத்துக்கொண்டால் பயம் சரியான அளவில் வரும்.

இதைப் படித்துவிட்டு வாலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். எனக்கு இந்த நீச்சல் மிகவும் பிடிக்கும். வயிறு, முதுகு, இடுப்பு மூன்றுக்கும் இதைப் போல வேலை கொடுக்கும் பயிற்சி குறைவு. பட்டர்ஃபிளை நீச்சல் என்றாலே ஓடுகிற பிள்ளைகள்கூட "கடல்கன்னி மாதிரி போ" என்றால் அதற்கு வேண்டிய டால்பின் கிக்கை, இரண்டு காலையும் சேர்த்து உதைப்பதை, ஒரு வாரத்தில் பிடித்துவிடுகிறார்கள். வால் கட்டி நீந்தி உலகப் புகழ் பெற்ற முதல் பெண்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் அனெட் கெல்லர்மேன். சிறுவயதில் கால் வலுவில்லாமல் இரும்புப் பட்டை அணிந்திருந்தவர், காலைத் தேற்றத்தான் நீச்சலுக்கு வந்தார். 1905இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றார். மௌனப்படங்களில் கடல்கன்னி வேடம் போட்டு நீந்தியதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் நீச்சல், வால் பிறகு. என் குளத்திலும் அதே வரிசைதான்.

வால் இல்லாமலே கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. மீனின் வால் இடமும் வலமும் ஆடும். கடல்கன்னி நீச்சல் அப்படியில்லை, மேலும் கீழும்தான். டால்பினும் கடல்பசுவும் நீந்துகிற முறை அது. (கடல்பசுவைப் பார்த்துத்தான் கடல்கன்னிக் கதைகள் சில பிறந்தன என்பார்கள். நம் பாக் நீரிணையில் 2022இல் கடல்பசுவுக்கென்றே ஒரு பாதுகாப்பகம் அறிவித்தார்கள். குழந்தைகளிடம் இதைச் சொன்னால் கண் விரியும்.) அலை நெஞ்சில் தொடங்க வேண்டும். நெஞ்சை மெல்லக் கீழே அழுத்தினால் இடுப்பு மேலே வரும், இடுப்பு இறங்கும்போது தொடை, அப்புறம் முழங்கால், கடைசியில் பாதம். புதியவர்கள் எல்லோரும் முழங்காலிலிருந்துதான் உதைக்கிறார்கள். அதில் வேகமும் வராது, நாலு நாளில் இடுப்பும் வலிக்கும். நான் முதலில் கைகளைத் தொடையோடு ஒட்டி வைக்கச் சொல்வேன். கை உதவி இல்லாதபோதுதான் நெஞ்சு வேலை செய்கிறதா என்று தெரியும். பிறகு மல்லாந்து அதே உதை, அதற்கடுத்து பக்கவாட்டில். அதன்பின் இரண்டு காலிலும் தனித்தனியாகச் சின்னத் துடுப்பு. கணுக்கால் துணி மாதிரித் தளர வேண்டும். விறைத்த கணுக்காலோடு துடுப்பு மாட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வாலுக்குள் இருக்கும்போது கால் பிடித்துக்கொண்டால் உருவிவிடக்கூட முடியாது.

வால் கேட்டு வருகிறவர்களிடம் நான் பார்ப்பது இவைதான். துடுப்பு இல்லாமல் 25 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். காலை அசைக்காமல், கையால் மட்டும் தண்ணீரைத் துழாவி, 2 நிமிடம் மல்லாந்து மிதக்க வேண்டும். குப்புற இருக்கும்போது கால் உதவியின்றி மல்லாந்து புரளத் தெரிய வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் உயிர் காக்கும். நிற்க முடியாதபோது புரண்டால் வாயும் மூக்கும் மேலே வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இது வர மாதக்கணக்கில் ஆகலாம். வரும்வரை வால் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

நான் அதிகம் பயப்படுவது பெரியவர்களைப் பற்றி. ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள் நன்றாகவே நீந்துவார்கள். ஆபத்து மூச்சில் இருக்கிறது. ஊர்க் கிணற்றில் யார் அதிக நேரம் தம் கட்டுகிறார்கள் என்று போட்டி போட்டவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முங்குவதற்கு முன் ஏழெட்டு முறை வேகவேகமாக இழுத்து விடுவார்கள். அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடிவிடாது. குறைவது கரியமில வாயு. "மூச்சு விடு, மேலே போ" என்று நம்மைத் தவிக்க வைப்பதே அந்த வாயுதான். அது குறைந்தால் தவிப்பு தாமதமாக வரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். மயங்குபவருக்கே தெரியாது. சில நொடிகளுக்கு முன்வரை சுகமாக இருந்திருக்கும்.

ஒரு குளத்தில் நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். வால் கட்டிய இளம்பெண் அடித்தரைக்குப் பக்கத்தில் அசையாமல் மிதந்துகொண்டிருந்தார். முடி அழகாகப் பரவியிருந்தது. படமெடுத்த தோழி அதை நடிப்பு என்று நினைத்தார். வாயிலிருந்து குமிழி வந்த விதம் சரியில்லை என்று பட்டதால் நான் குதித்தேன். மேலே கொண்டுவந்து முகத்தைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இழுத்து ஒரு மூச்சு விட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

வீடியோக்களில் நீருக்கடியில் நிமிடக்கணக்கில் சிரிக்கும் கடல்கன்னிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அமெரிக்காவில் பிளோரிடாவின் வீக்கி வாச்சி நீரூற்றில் 1947 முதல் கடல்கன்னிக் காட்சி நடக்கிறது. தொடங்கியவர் நியூட்டன் பெர்ரி. காற்றுக் குழாயிலிருந்து நீருக்கடியிலேயே மூச்சு எடுக்க அவர் பெண்களைப் பழக்கினார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் குழாயும் நீண்ட பயிற்சியும் இருக்கின்றன.

ஆகவே முங்குவதற்கு முன் நிதானமாக இரண்டு மூச்சு, அவ்வளவே. கற்றுக்கொள்ளும் காலத்தில் 10 நொடி போதும். எவ்வளவு நேரம் அடியில் இருந்தோமோ அதைப்போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வு வேண்டும். ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலே இருந்து அவரை மட்டுமே பார்க்க வேண்டும். கேமரா வழியாகப் பார்ப்பது பார்ப்பதாகாது. 2 மீட்டர் ஆழத்திலேயே காது அடைக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன் செய்யத் தெரியாதவர்கள், சளி பிடித்திருப்பவர்கள் கீழே போகக் கூடாது. யாராவது மயங்கிவிட்டால் வெளியே தூக்கி, மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவியைத் தொடங்குங்கள். இன்னொருவர் 108க்கு அழைக்கட்டும். வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் போகிற உயிருக்கு நேரத்தை வீணாக்குவது.

வால் வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளர்ந்த பிறகும் போடலாம் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். தொளதொளத்த துணி தண்ணீரை அள்ளிக்கொண்டு கனக்கும். இறுக்கமும் கூடாது, ஈரமானதும் தோலோடு ஒட்டி உருவ வராது. சிலிகான் வால் 10 கிலோவுக்கு மேலும் இருக்கும், அது புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். கடற்கரையிலும் கிணற்றிலும் உயிர்காப்பாளர் (லைஃப் கார்டு) இல்லாத அடுக்குமாடிக் குளத்திலும் வாலுக்கு இடமில்லை. மெரினா அலையில் இரண்டு காலும் தனித்தனியாக இருப்பவருக்கே நிலை தடுமாறும். முறையாகப் படிக்க விரும்பினால் பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற சர்வதேச டைவிங் அமைப்புகளே கடல்கன்னி நீச்சலுக்குப் படிப்பு வைத்திருக்கின்றன. டைவிங் பயிற்சியாளர்களிடம் விசாரியுங்கள்.

பச்சைப் பையோடு வந்தவள் பதினொரு வாரம் காத்திருந்தாள். இடையில் இரண்டு முறை அழுதாள். கடைசியில் குளத்தின் ஓரத்தில் வாலை மாட்டிவிட்டு நான் முதலில் கேட்டது நீந்தச் சொல்லி அல்ல, கழற்றச் சொல்லி. மல்லாந்து மிதந்தபடி இடுப்பில் கட்டைவிரலை விட்டு, மடித்துத் தள்ளி, குதிகாலால் துடுப்பை உதறினாள். மூன்று முறை செய்ய வைத்தேன். மூன்றாவது முறை 9 நொடி. அப்புறம் குளத்தின் குறுக்கே நீந்தினாள். அவள் அம்மா இந்த முறை தண்ணீருக்குள் என் பக்கத்தில் நின்றார். போன் பையில் இருந்தது.