பாங்காக் போகிறீர்களா? அரண்மனை வாசலில் கவனம்

பாங்காக்குக்கு மூன்று நாள் பயணம் ஏற்பாடு செய்யச் சொல்லி வருபவர்கள் பெரும்பாலும் நீளமான பட்டியலோடு வருகிறார்கள். அரண்மனை, மிதக்கும் சந்தை, சஃபாரி, பட்டாயா, ஷாப்பிங். பட்டாயாவுக்குச் சாலை வழியே போகவே இரண்டு மணி நேரம், நெரிசலில் அதற்கு மேலும் ஆகும். மூன்று நாள்தான் என்றால் பட்டாயாவை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். அந்த நேரத்தைப் பழைய நகரத்துக்குக் கொடுங்கள்.

பழைய நகரத்துக்கு முதல் நாள் காலையை ஒதுக்குங்கள். 1782இல் கட்டத் தொடங்கிய பேரரண்மனையும் மரகத புத்தர் கோயிலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலை 8.30க்குத் திறப்பார்கள், மாலை 3.30க்கு டிக்கெட் நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் தாய்லாந்துப் பணத்தில் 500 பாத். பத்து மணிக்குள் கூட்டமும் வெயிலும் ஏறிவிடும். அரைக்கால் சட்டை, கையில்லா மேலாடை, கிழிந்த ஜீன்ஸ் போட்டிருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அந்தக் காலையைத்தான் ஏமாற்றுக்காரர்களும் குறிவைக்கிறார்கள். அரண்மனைச் சுவரோரம் நடக்கும்போது, நல்ல சட்டை போட்ட ஒருவர், சில சமயம் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, எந்த ஊர், எத்தனை நாள் என்று அன்பாக விசாரிப்பார். "இன்றைக்குப் பூஜை இருக்கிறது, மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்" என்பார். உங்கள் வரைபடத்திலேயே பேனாவால் இரண்டு மூன்று கோயில்களை வட்டமிட்டுக் காட்டுவார். பக்கத்தில் நிற்கும் டுக் டுக்கை, அதாவது அந்த ஊர் ஆட்டோவை, கூப்பிட்டு, எல்லாவற்றையும் 20 பாத்துக்குச் சுற்றிக்காட்டச் சொல்வார். நம் பணத்தில் ஏறக்குறைய அறுபது ரூபாய்தான். அந்தக் காசுக்கு அவர் ஏன் அரை நாள் ஓட்ட வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

முதல் கோயிலில் இன்னொருவர் தற்செயலாகப் பேச்சுக் கொடுப்பார். அரசின் வரிச்சலுகை இன்றோடு முடிகிறது, இங்கே நீலக்கல் வாங்கி ஊரில் விற்றால் இரட்டிப்பு லாபம் என்பார். அடுத்து டுக் டுக் நிற்பது நகைக்கடையில், இல்லாவிட்டால் தையல் கடையில். ஓட்டுநருக்குக் கமிஷன் அங்கேதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவர்கள்போல் வரும் இரண்டு மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்வதால், நன்கு படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாடகம் அவ்வளவு பழகியது.

இதற்கு ஒரே மருந்து, அரண்மனை திறந்திருக்கிறதா என்பதை நா பிரா லான் சாலையில் உள்ள வாசலில் மட்டும் கேட்பது. அரச விழாக்களுக்காக எப்போதாவது மூடுவார்கள்தான். அதை முந்தின இரவே அரண்மனையின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். ஏமாந்துவிட்டால் சுற்றுலா போலீஸை 1155இல் கூப்பிடுங்கள். கார்டில் பணம் கொடுத்திருந்தால் உடனே வங்கிக்கும் சொல்லுங்கள்.

சனம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் வாட் போ என்ற புத்தர் கோயில் நடக்கும் தூரம், அதைத் தாண்டி அரண்மனை. வாட் போவில் படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். அருகிலுள்ள தா தியன் படகுத்துறையில் ஏறினால் சாவோ பிரயா ஆற்றின் மறுகரையில் வாட் அருண் கோயில். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், டாக்ஸியே தேவையில்லை. மறுநாள் சீலோம் பக்கம் போனால், 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலையும் பாருங்கள். தாய்லாந்து மக்களே தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கையில் மனசு நிறையும்.

அப்புறம், கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள். இ-சிகரெட் அங்கே தடைசெய்யப்பட்டது, அதனால் பையில் ஒன்றுகூட வேண்டாம்.

திரும்பும் நாளில் டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். சுவர்ணபூமி நகருக்குக் கிழக்கே, டான் முயாங் வடக்கே. குறைந்த கட்டண விமானங்கள் பலவும் டான் முயாங்கிலிருந்துதான் கிளம்புகின்றன. வண்டியில் ஏறும்போதே பெயரைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். இடம் மாறிப்போனால், மாலை நெரிசலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.