பேரல்ஹவுஸ்: பீப்பாய்க்கடையில் பிறந்த பியானோ

பேரல்ஹவுஸ் என்பது முதலில் கடைக்கு வந்த பெயர், அப்புறம்தான் அங்கே பியானோவில் வாசித்த இசைக்கு; அது கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசையில் ஒரு பாணி. பேரல் என்றால் பீப்பாய். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பீப்பாயிலிருந்தே மதுவைப் பிடித்து ஊற்றி விற்ற மலிவான கடைகளை அப்படி அழைத்தார்கள். லூசியானா, மிசிசிப்பி, டெக்சாஸ் காடுகளில் மரம் வெட்டிய, பைன் மரப் பிசினிலிருந்து டர்பன்டைன் எண்ணெய் எடுத்த கறுப்பினத் தொழிலாளர்கள் கூலி வாங்கிய கையோடு கூடிய இடம் அது. குடி, சூது, ஆட்டம் எல்லாம் நடக்கும். சுருதி விலகிய பியானோவும் ஒன்று கிடக்கும்.

பியானோ கலைஞர் லிட்டில் பிரதர் மாண்ட்கோமரி (1906–1985) அப்படியொரு கடையிலேயே வளர்ந்தவர். லூசியானாவின் கென்ட்வுட்டில் மர ஆலைத் தொழிலாளர்களுக்காக அதை நடத்தியவர் அவருடைய அப்பா. பாட்டு அங்கே கைமாறிப் போனதற்கு ‘44 ப்ளூஸ்’ நல்ல உதாரணம். மாண்ட்கோமரியிடம் அதை லீ கிரீன் என்ற இன்னொரு பியானோ கலைஞர் கற்றார். கிரீனிடம் ரூஸ்வெல்ட் சைக்ஸ் கற்று, 1929இல் முந்திக்கொண்டு பதிவுசெய்துவிட்டார். மாண்ட்கோமரியின் வடிவம் அடுத்த ஆண்டு ‘விக்ஸ்பர்க் ப்ளூஸ்’ என்ற பெயரில் வந்தது.

இந்தப் பாணியின் உயிர் இடது கை. மைக் இல்லை, டிரம்ஸ் இல்லை; கூச்சலுக்கு நடுவே ஆடுகிறவர்களின் காலுக்குத் தாளம் கேட்டாக வேண்டும். நான்கு அடித் தாளத்தில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் தாழ்ந்த ஒற்றைச் சுரமோ ஆக்டேவோ (ஒரே சுரம் இரண்டு ஸ்தாயிகளில் சேர்ந்து ஒலிப்பது), இரண்டுக்கும் நான்குக்கும் கார்டு (பல சுரங்களை ஒன்றாக அழுத்துவது) என்பது எளிய வடிவம். அடிக்கு இரண்டாக, பாருக்கு (நான்கு அடி கொண்ட தாளப் பகுதிக்கு) எட்டுச் சுரங்கள் இடைவிடாமல் ஓடினால் அது பூகி-வூகி. பேரல்ஹவுஸையும் பூகி-வூகியையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால் பூகி-வூகி பேரல்ஹவுஸில் வளர்ந்த கிளை, அவ்வளவுதான்.

சி ஸ்கேலில் 12 பார் ப்ளூஸின் கார்டு வரிசை, ஒவ்வொன்றும் எத்தனை பார் என்ற கணக்கில்: சி நான்கு, எஃப் இரண்டு, சி இரண்டு, ஜி ஒன்று, எஃப் ஒன்று, சி இரண்டு. தாழ்ந்த ஸ்தாயியில் மூன்று சுரக் கார்டை நெருக்கிப் பிடித்தால் ஒலி சேறாகும். அங்கே ஆக்டேவோ, சி–ஜி போன்ற ஐந்தாம் இடைவெளியோ போதும். சுரத்தை நீட்டும் கால் பெடலை அழுத்தியே வைத்திருந்தாலும் அதே கதி. முன்கையை இறுக்கி வாசித்தால் சில சுற்றுகளுக்குள் வலி வரலாம், வேகமும் தடுமாறும். தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 70 அடியில் வைத்து, வாயால் பேசிக்கொண்டே இடது கை ஓடும் வரை வலது கையைத் தொட வேண்டாம்.

வலது கையில் ஒரு நுணுக்கம்: இ ஃப்ளாட் கறுப்புக் கட்டையிலிருந்து இ வெள்ளைக் கட்டைக்கு ஒரே விரலால் வழுக்குவது. சி-யை ஷட்ஜமாக வைத்தால், நம் கர்நாடக இசைக் கணக்கில் சாதாரண காந்தாரத்தை உரசிக்கொண்டு அந்தர காந்தாரத்தில் போய் நிற்பது. கமகம்போல் சுரத்தை வளைக்கப் பியானோவில் முடியாது என்பதால் பிறந்த உபாயம் இது.

தமிழில் ‘கள்ளுக்கடை இசை’ என்று எழுதுவது தவறு. கள் பனை, தென்னையிலிருந்து இறக்குவது, அங்கே ஓடியது பீப்பாய்ச் சாராயம். கடைக்குப் ‘பீப்பாய்க்கடை’, வாசிப்புக்குப் ‘பீப்பாய்க்கடைப் பாணி’ என்பவை பொருந்தும். ‘பீப்பாய்’ போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல்தான். ஆனாலும் வேறு தமிழ்ச் சொல்லைத் தேடிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. இசைத்தட்டு விவரங்களில் மட்டும் ‘பேரல்ஹவுஸ்’ என்றே விடலாம்.