கையை மறைத்துவிட்டு அதை ஸ்டைல் என்று சொல்லாதீர்கள்

போன வாரம் வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணிடம் முழு உருவம் ஒன்று வரையச் சொன்னேன். முகம் அருமையாக வந்தது. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். இன்னொன்று கேட்டேன், அதில் கை பேன்ட் பைக்குள். மூன்றாவதில் நீளத் துப்பட்டா வந்து விரல்களை மூடிக்கொண்டது. ஏம்மா என்றால், "அது என் ஸ்டைல் சார்" என்கிறாள். இந்த வருடம் இதே பதிலைச் சொன்ன ஐந்தாவது பிள்ளை அவள். அதனால்தான் எழுதுகிறேன்.

கை வரையத் தெரிந்தவர் வேண்டாமென்று விடுவது வேறு, வராததால் ஒளிப்பது வேறு. பார்க்கிறவர்களுக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கிருஷ்ணகிரியில் பல வருடமாக ஓவியம் சொல்லித் தருகிறேன். முன்பெல்லாம் "இதை எப்படி சார் வரையறது?" என்று கேட்பார்கள். இப்போது பத்தாவது படிக்கும் பிள்ளை, "எனக்கு எந்த ஸ்டைல் செட் ஆகும்?" என்று கேட்கிறது. ஜவுளிக்கடையில் துணி எடுப்பதுபோல எடுக்க முடியாதய்யா! இன்ஸ்டாகிராமில் யாரோ வரையும் பெரிய கண்ணையும் கூர்மையான தாடையையும் எடுத்துக்கொண்டால் அது அவருடைய பாணிதான், உங்களுடையதாக ஆகிவிடாது. நகலெடுப்பதே தப்பென்று சொல்லவில்லை. வான்கோ 1880-ல் பழகத் தொடங்கியபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைத்தான் நகலெடுத்தார். 1889-ல் மறுபடி அதே மில்லேயை எடுத்தபோது, கறுப்பு வெள்ளை அச்சுப்படத்தை வைத்துக்கொண்டு நிறமெல்லாம் தன்னுடையதாகப் போட்டார். நடுவே ஒன்பது வருட உழைப்பு இருக்கிறது.

பெற்றோர்களே, நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் பிறந்தவர். அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையை 1963-ல்தான் தொடங்கினார். வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்வது? நம் ஊரில் மாங்காய்க்கா பஞ்சம்? ஒரு கிளிமூக்கு மாங்காயை மேஜையில் வைத்து முப்பது முறை வரையுங்கள். பென்சிலோ பேனாவோ, எதுவானாலும் சரி. ரப்பர் கூடாது. போனில் படமெடுத்து அதைப் பார்த்து வரைவதும் கூடாது. பக்கத்தை மட்டும் தயவுசெய்து கிழிக்காதீர்கள், கெட்டுப்போன படத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அப்புறம் முப்பதையும் தரையில் பரப்புங்கள். என்னிடம் படிக்கும் ஒரு பையன் அப்படிப் பரப்பியபோது, எல்லாவற்றிலும் வெளிச்சம் விழும் பக்கத்தில் கோடு அறுந்திருந்தது. நிழல் பக்கம் பென்சில் பள்ளம் விழும் அளவுக்கு அழுத்தம். யாரும் சொல்லித் தரவில்லை. நான் விரல் வைத்துக் காட்டும்வரை அவனுக்கே தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை கொடுத்தேன். வீட்டில் பாட்டி புளி தட்டுகிறார் என்றாள். எதிரில் உட்கார்ந்து அந்தக் கைகளை மட்டும் வரைந்து வா என்றேன். நேற்று நோட்டைக் கொண்டுவந்தாள். முதல் ஆறு பக்கமும் விரல்கள் குச்சியாய் விறைத்துக் கிடந்தன. ஏழாவதில், புளியங்கொட்டையை நெம்பும் கட்டைவிரல், நகக்கண்ணில் புளி ஒட்டியபடி, சரியாக உட்கார்ந்திருந்தது.