பற்றரியை மாற்ற முதல் ஒருக்கா அளந்து பாருங்கள்

போன மாரியில் முள்ளியவளைப் பக்கமிருந்து ஓர் அண்ணை தன் பட்டா வாகனத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு புதுக்குடியிருப்பில் உள்ள எங்கள் கராஜுக்கு வந்தார். மீன் ஏற்றும் சின்ன லொறி. "தம்பி, எட்டு மாதத்தில இது மூண்டாவது பற்றரி. இதுவும் செத்துப்போச்சு. நல்லதா ஒண்டு போட்டுவிடும்" என்றார். முதல் இரண்டையும் மாற்றிக் கொடுத்த இடத்தில் ஒருவரும் மீற்றர் வைத்துப் பார்க்கவில்லை. கடனுக்கு வாங்கிய பற்றரிகள் அவை. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பற்றரியைச் சார்ஜ் ஏற்றிப் போட்டு, திறப்பை எடுத்துவிட்டு, வயரைக் கவ்வி அம்பியர் காட்டும் கிளாம்ப் மீற்றரால் பார்த்தேன். நின்ற வாகனம் 0.8 அம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், மாற்றமில்லை. கடைசியாக, பற்றரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சினோடு சுற்றிப் பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஓல்டனேற்றரின் தடித்த வயரைப் பிரித்தேன். எர்த்தைத் திரும்பப் பூட்டியபோது இழுவை அநேகமாக இல்லாமல் போய்விட்டது. கள்ளன் அங்கேதான் இருந்தான்.

ஓல்டனேற்றர் உண்டாக்குவது ஆடலோட்ட மின். அதை நேரோட்டமாக்க, மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட்டுகள் உள்ளே உண்டு. வண்டி நிற்கும்போது பற்றரியின் மின் திரும்பிப் போகாமல் மறிப்பதும் அவைதான். ஒன்று பழுதானாலும் அந்த வழியால் இரவு முழுக்க மின் கசியலாம். சனி மத்தியானம் நிறுத்தினால் ஞாயிறு தொழில் இல்லை, திங்கள் விடியப்புறம் எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட 40 மணித்தியாலம். 0.8 அம்பியரில் கணக்குப் பார்த்தால் 32 அம்பியர் மணி. அவருடைய பற்றரி நிறைய ஏற்றினாலே கொள்வது 45 அம்பியர் மணிதான். எப்படி ஸ்ராட் வரும்? இப்படித் திரும்பத் திரும்ப வெறுமையானால் தகடுகளில் சல்பேற் இறுகி, புதுப் பற்றரியும் சில மாதங்களில் போய்விடும். 2022இல் எரிபொருள் வரிசையில் நாள்கணக்காக நின்ற வாகனங்கள் பலவற்றின் பற்றரிகளும் வெறுமையாகிக் கிடந்துதான் கெட்டன.

1990களில், போர்க்காலத்தில், இங்கே பற்றரிக்குத் தடை இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஆக்கள் நாங்கள். சுற்றினால்தான் சத்தம் வரும். ஓல்டனேற்றரும் அப்படித்தான், சுற்றும்போதுதான் கொடுக்கும். பற்றரி அதில் வாங்கி வைத்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சாதாரண டிஜிட்டல் மீற்றர் ஒன்று போதும். இரவு நிறுத்திய வாகனத்தைக் காலையில் ஸ்ராட் பண்ண முதல் பற்றரி முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே என்றால் கவனம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, லைற், ஏசி எல்லாம் போட்டுப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். ஏறாமல் 12இலேயே கிடந்தால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது, பற்றரித் தண்ணீர் வற்றும், அழுகிய முட்டை மணம் வரும்.

ஸ்டிங்ரே போன்ற சில புதிய கார்களில் வேகம் குறையும்போதுதான் சார்ஜ் கூடுதலாக ஏறும். நின்று ஓடும்போது அளவு குறைவாகக் காட்டியதற்காக ஓல்டனேற்றரைக் குறை சொல்ல முடியாது. பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் ஓல்டனேற்றரே கிடையாது, பெரிய பற்றரியிலிருந்துதான் சின்னப் பற்றரிக்கு மின் வருகிறது.

சார்ஜ் வராவிட்டாலும் உடனே ஓல்டனேற்றரைக் கழற்றாதீர்கள். எங்கள் கிரவல் ரோட்டுப் புழுதியில் பெல்ற் வழுவழுத்து வழுக்கும். மாரியில் வெள்ளம் கடந்த வாகனங்களில் ஓல்டனேற்றருக்குள் உள்ள கார்பன் பிரஷ் சிக்கும், எர்த் வயர் துருப்பிடிக்கும். முனையில் பூக்கும் வெள்ளை உப்பைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி இறுக்கிய அளவிலேயே சரியான வாகனங்கள் எத்தனையோ.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, நிற்குதா ஓடுதா என்று பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். பழைய டைனமோக் காலத்துச் சோதனை அது. இன்றைய வாகனத்தில் அந்த நொடியில் வோல்ட் எகிறி, கம்பியூட்டர் பெட்டியையே எரித்துவிடலாம். பற்றரி விலையைவிட அது பல மடங்கு.

கசிவைத் தேடும்போது கதவுகள் மூடியிருக்க வேண்டும். புதிய வாகனமென்றால் அரை மணித்தியாலம் பொறுங்கள், உள்ளிருக்கும் கம்பியூட்டர்கள் உறங்க நேரம் வேண்டும். அதன்பிறகு 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. கூடினால் வாகனம் வாங்கிய பிறகு பூட்டிய சாமான்களை முதலில் சந்தேகியுங்கள்: பாட்டுச் செற், அலாரம், ஜிபிஎஸ். வெட்டி ஒட்டிய வயர்களில்தான் நான் அதிகம் பிழை பிடித்திருக்கிறேன். அறுவடை முடிந்ததும் எலி கடித்த வயர்களும் வரும்.

தண்ணீர் விடும் பற்றரி என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் தகட்டைத் தின்றுவிடும். அண்ணையின் வாகனத்துக்கு டயோட் தட்டு மட்டும்தான் மாற்றினோம். மூன்றாவது பற்றரியை மெதுவாகச் சார்ஜ் ஏற்றித் திரும்பப் பூட்டினேன், இன்னும் அதில்தான் ஓடுகிறார்.