ஃப்ளூ தடுப்பூசி: குழந்தைக்கு இரண்டாவது டோஸ் எதற்கு?

முதல் ஊசிக்கே ராத்திரி முழுக்க சிணுங்கிய குழந்தையை, நான்கு வாரம் கழித்து மறுபடி கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொன்னால், பெரியவர்களுக்கெல்லாம் ஒன்றுதானே, இவனுக்கு மட்டும் எதற்கு இரண்டு என்று கேட்கத்தான் தோன்றும். நியாயமான கேள்வி.

பெரியவர்களின் உடலுக்கு ஃப்ளூ வைரஸ் புதிதல்ல. இத்தனை வருடங்களில் பல முறை வந்துபோயிருக்கும், அதை அடையாளம் தெரிந்த நினைவுச் செல்கள் உள்ளே இருக்கும், ஓர் ஊசி அவற்றைத் தட்டி எழுப்பினால் போதும். சின்னக் குழந்தைக்கு அந்த நினைவு கிடையாது. வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதத்தோடு பொருந்தக்கூடிய பி செல்கள், அதாவது கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கும் வெள்ளையணுக்கள், மிகச் சொற்பம். முதல் டோஸ் போனதும் அவை நிணநீர் முடிச்சுகளில் பெருகி, அவற்றின் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்து, புரதத்தை இறுகப் பிடிக்கிற செல்கள் தங்க மற்றவை கழிந்துபோகும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆன்டிபாடியும் கொஞ்சம் வரும்தான், ஆனால் பல குழந்தைகளுக்கு அது நோயைத் தடுக்கப் போதாது. அப்புறம் வரும் இரண்டாவது டோஸ், அப்படித் தேறி நிற்கும் செல்களைச் சந்திக்கிறது; சில நாட்களிலேயே ஆன்டிபாடி மளமளவென்று ஏறுகிறது. அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் அந்தத் தேர்வு முடிந்திருக்காது, அதனால்தான் குறைந்தது நான்கு வார இடைவெளி.

2009-இல் எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பெருந்தொற்று வந்தபோது இது நன்றாகவே தெரிந்தது. வைரஸ் புதிது, எல்லோருக்கும் இரண்டு டோஸ் தேவைப்படலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்தால் பெரியவர்களுக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டு என்றே வைத்தார்கள்.

ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை, முதல் முறையாகப் போடுகிற குழந்தைக்கு இரண்டு டோஸ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பது வயதிலிருந்து ஒன்று போதும், அதற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஃப்ளூ வந்துபோயிருக்கும். போன வருடம் ஒன்று மட்டும் போட்டு விட்டுப்போனதா? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, இந்த வருடம் இரண்டும் போட வேண்டும். ஒருமுறை இரண்டு டோஸ் கணக்கு முடிந்துவிட்டால் அடுத்தடுத்த வருடங்களில் ஒன்றுதான்.

நான்கு வாரம் தாண்டிப்போனாலும் பரவாயில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. லேசான காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வலி, இவை ஓரிரு நாளில் போய்விடும், இரண்டாவதைத் தவிர்க்க அவை காரணமே இல்லை. முதல் டோஸுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் கதை வேறு, அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: இரண்டாவது டோஸுக்குப் பிறகும் முழுப் பாதுகாப்பு வர சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். எனவே ஃப்ளூ காலம் தொடங்க ஆறு வாரமாவது இருக்கும்போதே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.