பேர் தானாகச் சேரும், முகவரி தானாக மாறாது

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் கோயில் வாசலில் நின்றாலும் இன்னும் காதில் விழும் கேள்வி, "ஓட்டுக்குப் பேர் எங்கே பதியணும்?" என்பதுதான். எங்கேயும் போக வேண்டாம். 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிறைந்த மலேசியக் குடிமகன் தானாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார், ஜே.பி.என். (தேசியப் பதிவுத் துறை) வைத்திருக்கும் விவரத்தைக் கொண்டு தேர்தல் ஆணையமே பேரைச் சேர்த்துவிடும். 2018 பொதுத் தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-ல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியதற்கு இதுதான் பெரிய காரணம்.

சரி, பேர் தானாகச் சேரும் என்றால் வாக்காளர் விழிப்புணர்வு என்று நம் சங்கங்கள் வாங்கும் மானியமும் நன்கொடையும் எதற்கு? என் பதில்: ஐசிக்கும் (அடையாள அட்டைக்கும்) அதிலிருக்கும் முகவரிக்கும். மண்டபம், பேனர், சாப்பாடு இதிலேயே பணம் கரைந்தால் ஓட்டுப் போட முடியாதவர் அப்படியே ஓட்டுப் போட முடியாதவராகத்தான் வீட்டுக்குப் போவார்.

முகவரியை எடுத்துக்கொள்வோம். போன மாதம் ஒரு பாட்டியின் ஐசியை வாங்கிப் பார்த்தேன். மூலையில் பிளாஸ்டிக் உரிந்திருந்தது, முகவரியில் தோட்டத்தின் பேர் இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த அந்த லயம் இப்போது இல்லை, அங்கே செம்பனை நிற்கிறது, பாட்டி மகனோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது, ஆனால் அவருடைய ஓட்டு மட்டும் இன்னும் அந்தப் பழைய தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான். அவரைப் போல இருப்பவர்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில் ஜே.பி.என். போய் ஐசியில் முகவரியை மாற்ற வேண்டும், கையில் கரண்ட் பில் இருந்தால் நல்லது. அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுவதுதான் தப்பு. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர், ஐசி மாறிய பிறகு, வாக்களிக்கும் இடத்தை மாற்றச் சொல்லித் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், 'மைஎஸ்பிஆர் டாஃப்தார்' இணையப் பக்கத்திலோ ஆணையத்தின் மாநில அலுவலகத்திலோ. அறுபது எழுபது வயதுக்காரர் இதைத் தனியாகச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது, பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். மானியப் பணத்தில் அந்த ஆளுக்கும் வேன் வாடகைக்கும் கொடுங்கள் என்கிறேன்.

இதைத் தேர்தல் அறிவித்த பிறகு செய்ய முடியாது. 2022 அக்டோபர் 10-ல் நாடாளுமன்றம் கலைந்தது, அந்தத் தேர்தலுக்கு அக்டோபர் 9 வரையான பட்டியல்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. பட்டியல் அரசிதழில் வந்துவிட்டால் நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது, 1958 தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

அடுத்தது இன்னும் கஷ்டமானது. குடிமக்களுக்கான நீல ஐசி இல்லாதவரைத் தானியங்கிப் பதிவு தொடவே தொடாது, நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசிக்கும் தற்காலிகவாசிக்கான பச்சை ஐசிக்கும் ஓட்டு கிடையாது. 2018-ல் 60 வயதைத் தாண்டிய 3,407 சிவப்பு ஐசி இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அரசு அறிவித்ததே, அவர்களில் எத்தனை பேர் வாழ்நாள் முழுக்க இந்த மண்ணில் பால் மரம் வெட்டியவர்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. 2011-ல் மைடாஃப்தார், 2017-ல் மெகா மைடாஃப்தார் என்று ஆவணம் இல்லாத இந்தியர்களைப் பதிய பெரிய இயக்கங்கள் நடந்தன, ஆனாலும் புதுப் பிள்ளைகள் இந்தப் பள்ளத்தில் விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் பதியாத கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டு, பதிவை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறோம். முஸ்லிம் அல்லாதார் கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்பது 1982 மார்ச் 1 முதல் சட்டம். பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை அம்மாவைப் பார்த்துத்தான் முடிவாகும், அப்பாவின் நீல ஐசி உதவாது, அம்மாவிடம் எந்த ஆவணமும் இல்லையென்றால் பிள்ளைக்கும் சிக்கல்தான். அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு: நெடுங்காலம் 21 ஆக இருந்ததை 18 ஆகக் குறைக்கும் திருத்தம் 2024-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வயது ஏறும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கிளம்புங்கள்.

மானியம் கேட்கும் சங்கங்களுக்கு: ஆர்.ஓ.எஸ்.-இல் (சங்கப் பதிவு இலாகாவில்) பதிவு, வருடாந்திரக் கணக்கு, சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு, இவை சரியாக இருக்கட்டும். கட்சிக் கொடியை உள்ளே விடாதீர்கள். இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று அரிசி மூட்டை கொடுப்பதும் விருந்து வைப்பதும் 1954 தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம்.

அந்தப் பாட்டியை வருகிற செவ்வாய்க்கிழமை ஜே.பி.என். கூட்டிப் போகிறோம். காலை எட்டு மணிக்குக் கோயில் பக்கத்திலிருந்து வேன், இன்னும் நாலு இடம் இருக்கிறது. ஐசியையும் கரண்ட் பில்லையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.